பூட்டுக்கு ஓடிகொலோன்

என் கணவரின் கடிதங்களை என் மாமனாருக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மகன் எழுதிய கடிதத்தையும் மேலிடத்து உத்தரவைக் கேட்பதுபோல்தான் கேட்பார்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. "தண்ணி கொண்டு வரேன் மாமா" என்று கடிதத்தோடு அடுப்படிக்குப் போய், ஒருமுறை நானே வேகமாகப் படித்துவிடுவேன். பிறகு வந்து உரக்கப் படிக்கும்போது சில வரிகளை விட்டுவிடுவேன். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் சளி என்பேன். சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்த வரியே இருக்காது. மனைவியை இழந்தவர், ஒரே மகனைக் கடல் தாண்டி அனுப்பியவர், அவருக்கு எதற்கு என்று நினைப்பேன். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன். பிறகு அந்த நாள் முழுவதும், விட்டது சரிதானா, படித்திருக்க வேண்டுமோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். துணி துவைக்கும்போது அரிக்கும், மகளுக்குச் சோறு ஊட்டும்போது அரிக்கும். ஆனால் அடுத்த கடிதத்திலும் அதையேதான் செய்வேன்.

எழுபதுகளின் கடைசி அது. காரைக்காலில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் பிரான்ஸில் இருந்தார்கள். மாமனாரின் வழியில் என் கணவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. மகளுக்கு மூன்று வயது நிரம்புவதற்குள், ஒரு வைகாசியில், அவர் கிளம்பிப் போனார். வடக்கே ஒரு சின்ன ஊரில் ரொட்டிக் கடை ஒன்றில் வேன் ஓட்டும் வேலை ஜூலைக் கடைசியில்தான் கிடைத்தது. விடிகாலை நான்கு மணிக்கு, தங்கியிருக்கும் அறையின் வாசலில் நிற்கும் வேனை எடுத்துக்கொண்டு போய் ரொட்டி ஏற்ற வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் கடைக்கு மேலே இரண்டு அறை கொடுப்பார்கள். அந்த இரண்டு அறை கிடைத்தால்தான் நானும் மகளும் போக முடியும். ஆறு மாதம் ஜனவரிக் கடைசியில் முடிகிறது. இது எனக்கு மனப்பாடம். மகளுக்கும் மனப்பாடம். "ரெண்டு ரூமு குடுத்தா அப்பா" என்று அவள் பொம்மைக்குச் சொல்லுவாள்.

நவம்பர் முடியும்போது ஒரு கடிதம் வந்தது. அடுப்படியில் நின்று படித்தேன்.

"இங்கே குளிர் இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது. வேனின் கதவுப் பூட்டுக்குள் ஈரம் இறங்கி, நான் எழுந்து வருவதற்குள் கல்லாகிவிடுகிறது. சாவி பாதிதான் உள்ளே போகிறது. அழுத்தித் திருகினால் உடைந்துவிடும். போன வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. மூன்றாவது நாள் என்று ஒன்று வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சிகரெட் லைட்டரால் சாவியைச் சூடுகாட்டிச் செருகிப் பார்க்கிறேன். ஒருநாள் கையுறையில் நெருப்புப் பிடித்துக்கொண்டது. பெரிதாக ஒன்றுமில்லை."

அவர் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் லைட்டரையும் கையுறையையும் விட்டுவிட்டு மற்றதைப் படித்துக் காட்டினேன்.

"பத்ரோன் கோவப்பட்டானாமா?" என்றார் மாமனார். முதலாளிகள் எல்லோரும் அவருக்கு பத்ரோன்தான். "படுவான்ல. ரொட்டி ஆறிப்போனா எவன் வாங்குவான்?"

"பூட்டு உறைஞ்சுபோவுதாம் மாமா. சாவி போவலயாம்."

"மர்செய் துறைமுகத்துல நான் பாக்காத குளிரா!"

"அங்க நீங்க கப்பலுக்காகக் காத்திருந்தது மூணு வாரந்தானே மாமா?"

"மூணு வாரம்னாலும் குளிரு குளிருதாம்மா."

"அப்ப பூட்டெல்லாம் உறைஞ்சுதா?"

"பட்டாளத்துக் கொட்டாய்க்கு ஏது பூட்டு?" என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதும்மா. மண்ணெண்ணெ. ஒரு கோழி எறக எடுத்து, நுனியில தொட்டு, சாவித் தொளைக்குள்ள நல்லா விடச் சொல்லு. தண்ணியத் தள்ளிவிட்டுடும். மண்ணெண்ணெ எந்தக் குளிருக்கும் கட்டாது. ஆறு வருஷம் பட்டாள லாரிக்குக் காவல் இருந்தவன் சொல்றேன்."

அன்று மத்தியானமே நீல நிற ஏர்மெயில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மண்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. லைட்டர். மண்ணெண்ணெயில் ஊறிய பூட்டு, அதன் பக்கத்தில் லைட்டர், ஏற்கெனவே ஒருமுறை பிடித்துக்கொண்ட கையுறை. ஸ்டவ் வெடித்த செய்தி மாதத்துக்கு ஒன்று காதில் விழுந்த காலம் அது. எழுந்து போய் எங்கள் ஸ்டவ்வைப் பார்த்துவிட்டு வந்தேன். அது அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன்.

மாமனாரிடமே கேட்டிருக்கலாம். "மாமா, பக்கத்துல நெருப்பு இருந்தா?" என்று ஒரு வார்த்தை. ஆனால் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். படிக்காமல் விட்ட வரியை எந்த முகத்தோடு எடுத்துச் சொல்வது? அப்படிச் சொன்னால், இதற்கு முன் எத்தனை விட்டாய் என்ற கேள்வி வரும்.

அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். எங்கள் ஊரில் கடலிலிருந்து வருகிற உப்புக்காற்றுக்கு எந்தப் பூட்டும் இரண்டு மாதம் தாங்காது. துருப்பிடித்து இறுகிவிடும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், வீட்டிலுள்ள எல்லாப் பூட்டையும் செய்தித்தாளில் பரப்பி, கோழி இறகால் தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். பெட்டிப் பூட்டு, கொல்லைக் கதவுப் பூட்டு, சைக்கிள் பூட்டு, எல்லாம் வரிசையாகக் கிடக்கும். மகள் ஒவ்வொரு பூட்டுக்கும் "எண்ணெ குடிச்சியா?" என்று கேட்பாள். மறுநாள் சாவி தானாகச் சுழலும். தேங்காய் எண்ணெய் சட்டென்று நெருப்புப் பிடிக்காது. நாற்றமும் இருக்காது. இதில் என்ன தவறு வந்துவிடப்போகிறது?

"தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புகிறேன். இறகும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறக்காமல் விடவும்" என்று எழுதினேன். "மண்" என்று முதலில் எழுதியதைப் பட்டை பட்டையாக அடித்தேன்.

"எழுதிட்டியாம்மா?" என்றார் மாமனார்.

"எழுதிட்டேன் மாமா."

"மண்ணெண்ணென்னு?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்கா கணவரோடு பாரிஸ் பக்கம் இருப்பவள். இரண்டு மாத விடுமுறைக்கு வந்தவள் டிசம்பர் முதல் வாரத்தில் திரும்புகிறாள். அவளிடம்தான் பொட்டலத்தைக் கொண்டுபோனேன். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு. ஊறுகாய், முறுக்கு, மருந்துப் பாட்டில் ஒன்றில் எண்ணெய், கழுவிக் காயவைத்த கோழி இறகு இரண்டு.

"எண்ணெயா? எம் பெட்டியிலயா?" என்றாள் அக்கா. "உள்ள மூணு பட்டுப் பொடவ இருக்குடி."

"மெழுகு வச்சு அடச்சிருக்கேங்க்கா. மூணு பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கேன்."

"ஊறுகா சரி, முறுக்கு சரி. புருஷன் தலைக்கு எண்ணெ வைக்க பிரான்ஸுக்கு ஆளனுப்புற மொத பொம்பள நீதான்."

"தலைக்கு இல்லக்கா. வண்டிக் கதவுப் பூட்டுக்கு."

அவள் இறகைத் தூக்கிப் பார்த்தாள். "இது வண்டிக்கா, கோழிக்கா?"

நான் சிரிக்கவில்லை. "அங்க குளிருல பூட்டு உறையுமாமேக்கா. உங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"எனக்கென்னடி தெரியும்? அவரு கீழ எறங்கிப் போயி வண்டியோட மல்லுக்கட்டுவாரு. திட்டுற சத்தம் மாடிக்குக் கேக்கும். சத்தம் நின்னதும் நான் கோட்ட மாட்டிக்கிட்டு எறங்குவேன்."

பத்து வருஷம் அந்தக் குளிரில் இருந்தவள். அவளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று அன்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்தச் சந்தேகத்தை மேலே போகவிடாமல், முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கட்டினேன்.

அவள் போன பிறகு நாட்கள் நகரவில்லை. அங்கே காலை நான்கு மணி என்றால் நமக்கு எட்டரை. எட்டரைக்கு நான் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னுவேன். சீப்பை எடுத்தால், இப்போது மாடிப்படி இறங்குவார் என்று தோன்றும். வகிடு எடுக்கும்போது, இப்போது சாவியைச் செருகுவார். திறந்ததா? திறக்கவில்லையா? மகள் "வலிக்குதும்மா" என்பாள். என்னையறியாமல் முடியை இறுக்கியிருப்பேன். கடிதம் வருவதற்குப் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம். இன்றைக்கு நடந்ததை நான் தெரிந்துகொள்ளும்போது அது பழங்கதையாகியிருக்கும். இந்த நிமிடம் அவர் வேலையை இழந்திருந்தால்கூட, அது தெரியாமல் இரண்டு வாரம் நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பேன். இந்த நினைப்பு வந்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது. ஜன்னலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன்.

மழை விட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கியது. குடில் கட்டினோம். வைக்கோல் கூரையின்மேல் மகள் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். "பனி, பனி" என்றாள். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் குடிலிலும் பஞ்சுதான் பனி. வெள்ளையாக, மெத்தென்று, தொட்டால் கதகதப்பாக இருக்கும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. கடிதத்தில் வருகிற குளிர் ஒன்று, எங்கள் ஊர் மார்கழிக் குளிர் ஒன்று. இரண்டும் என் மனதில் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தபோது சந்தித்துக்கொண்டன.

அன்று வாடைக்காற்று. விடிந்தும் கொல்லைச் செடியில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் அறுவடைக்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு முதல் பஸ்ஸிலேயே சுரக்குடிக்குப் போயிருந்தார். எட்டரை மணிக்கு மகளை உட்காரவைத்து ஒரு பக்கம் வாரிப் பின்னி முடித்துவிட்டு, மறுபக்கத்துக்கு எண்ணெய்ப் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்தேன். வரவில்லை. தட்டினேன். வரவில்லை.

"எண்ணெ தூங்குதும்மா" என்றாள் மகள்.

முதல் பக்கத்துக்குக் கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெய் போதுமாக இருந்ததால் பாட்டிலை நான் பார்க்கவே இல்லை. பாட்டில் முழுவதும் வெள்ளையாக, மெழுகுவர்த்தி போலக் கட்டியிருந்தது. மார்கழி பிறந்தால் ஒவ்வொரு வருஷமும் கட்டுவதுதான். எழுந்து போய் வெயிலில் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்து வருவது. எழுந்தேன். கொல்லைப்படிவரை போனேன். அங்கே கால் நின்றுவிட்டது.

கொஞ்சம் வாடைக்காற்றுக்கே எங்கள் ஊரில் கல்லாகிற எண்ணெயை, தண்ணீரே கல்லாகிற ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். பூட்டுக்குள் விடச் சொல்லி. வாராவாரம், மறக்காமல்.

கான்வென்டில் படித்து பி.யு.சி. வரை போனவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இந்த நிமிடம் அங்கே நான்கு மணி தாண்டிவிட்டது.

பாட்டிலை அலமாரியில் திரும்ப வைக்கப் போனபோது பக்கத்திலிருந்த ஓடிகொலோன் பாட்டிலில் கை இடித்தது. போன ஆடியில் யாரிடமோ அவர் கொடுத்தனுப்பியது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவேன். அது உள்ளே தளதளவென்று ஆடியது. எண்ணெய் அசையாமல் நிற்க, ஒட்டி நின்ற அது தண்ணீராக ஆடியது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளிர் தேசத்து வெப்பமானியில் பாதரசம் உறைந்துவிடும், அதனால் ஆல்கஹால் ஊற்றுவார்கள். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. ஓடிகொலோனில் ஆல்கஹால்தானே? ஆல்கஹால்தானா? பாட்டிலை முகர்ந்தேன். அதிலும் நெருப்புப் பிடிக்குமே என்ற எண்ணம் வந்தது. வந்ததை நிறுத்தி வைத்து யோசிக்க நேரமில்லை. லைட்டர் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

மகளைத் தூக்கிக்கொண்டு தந்தி ஆபீஸுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன். வழியில் மீன்காரம்மா, "என்னம்மா, புள்ளைக்கு ஒத்தச் சடை?" என்று கேட்டபோதுதான் மறுபக்கம் பின்னாததே தெரிந்தது.

தந்தி ஆபீஸில் இருந்தவர் எங்கள் தெருவையே அறிந்தவர். காகிதத்தை வாங்கி ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

எங்கள் பக்கத்தில் பிரான்ஸுக்குத் தந்தி கொடுத்தால் முதல் வார்த்தைகள் எப்போதும் ஒன்றுதான். எல்லோரும் சுகம். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும், அங்கே பிரிக்கிறவருக்கு உயிர் போய்விடும். நானும் அதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். பிறகு, பூட்டுக்கு எண்ணெய் வேண்டாம், ஓடிகொலோன் விடவும், லைட்டர் கூடாது.

"எல்லாரும் சுகம்னா எதுக்கும்மா ஓடிகொலோன்?" என்றார்.

"அது பூட்டுக்குங்க."

"பூட்டுக்கா? ஏன், பூட்டுக்குக் காய்ச்சலா?"

பின்னால் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவசரங்க. அனுப்பிடுங்க."

"அனுப்புறேம்மா. இதுல வேற அர்த்தம் எதுவும் இல்லியே? கடத்தல் பாஷ கிடத்தல் பாஷன்னு நாளைக்குப் போலீஸ்காரன் வந்து நின்னா நான் என்ன சொல்றது?"

"பூட்டு உறைஞ்சுபோவுதுங்க அங்க. அவரு வேல போயிடும்."

அவர் முகம் மாறியது. முத்திரையைக் குத்தினார். "சாயங்காலத்துக்குள்ள போயிடும்மா. வீட்டுக்குப் போயி புள்ளைக்கு இன்னொரு பக்கம் பின்னி விடுங்க" என்றார்.

மாமனாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சுரக்குடியிலிருந்து வந்து நெல்லைப் பற்றித்தான் பேசினார். கிறிஸ்துமஸுக்கு முன் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். கடிதத்தில் வரி விட்டது பொய்யா, மறைத்ததா, எந்தக் கட்டளையில் அடங்கும் என்று முடிவு செய்ய முடியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். பண்டிகை வந்தது, போனது. குடிலைக் கலைக்கும்போது பஞ்சை எடுக்க மகள் விடவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தந்தி தாமதமாகப் போயிருக்குமோ? அதற்குள் எண்ணெயை விட்டிருப்பாரோ? விட்டிருந்தால், தந்தி கொடுத்து என்ன பயன்? ஒருவேளை தந்தியைப் பார்த்துப் பயந்தே தாமதமாகியிருந்தால்? எட்டரை மணிக்குச் சீப்பை எடுக்கவே பயந்து, ஒன்பதரைக்குத் தலை பின்னத் தொடங்கினேன். அதனால் என்ன மாறிவிடும் என்று எனக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் முற்பகலில் சைக்கிள் மணி கேட்டது. நான் போவதற்குள் மாமனார் வாசலில் நின்று வாங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டு, கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தண்ணி கொண்டு வரேன் மாமா."

"தண்ணி வேணாம். இங்கயே பிரி."

பிரித்தேன். எங்கே பிடித்துப் பிரிக்க வேண்டும் என்பதே மறந்துபோய், ஓரத்தைக் கிழித்துவிட்டேன். முன்கூட்டிப் பார்க்காத கடிதத்தை அதுவரை அவருக்கு நான் படித்ததே இல்லை. எது வரும் என்று தெரியாமல் ஒவ்வொரு வரியாகக் குரலில் விட்டேன்.

"தந்தியை வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று நீட்டினாள். கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். எல்லோரும் சுகம் என்பதை நாலு தடவை படித்தேன். மீதியைப் படித்தபோது, உனக்குத்தான் சுகமில்லையோ என்று நினைத்தேன்."

நான் நிறுத்தினேன்.

"படிம்மா" என்றார் மாமனார். "தந்தி குடுத்தது எனக்குத் தெரியும். பூட்டுக்குக் காய்ச்சலாமான்னு அந்தத் தந்தி ஆபீஸ்காரன் முடிவெட்டுற எடத்துல வச்சே என்னக் கேட்டுட்டான்."

அவருக்கு மூன்று வாரமாகத் தெரியும். தொடர்ந்து படித்தேன்.

"நீ அனுப்பிய எண்ணெய் வந்து சேரும்போதே வெண்ணெய் போல இருந்தது. உறைந்தால் உறையட்டும், பூட்டுக்குள் அது நிறைந்திருந்தால் தண்ணீர் இறங்க இடம் இருக்காது என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். ஹீட்டர் மேல் வைத்து உருக்கி, முன்கதவு இரண்டுக்கும் இறகால் விட்டேன். பின்கதவுக்குப் போவதற்குள் கை விறைத்துவிட்டது. மீதியைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அவ்வளவாகக் குளிரில்லை. சாவி வழுக்கிக்கொண்டு போனது. உன்னைப் புகழ்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்தது பார் குளிர். முன்கதவு இரண்டும் செத்துப்போய்விட்டன. லைட்டரைக் காட்டினால் எண்ணெய் கருகுகிற வாசனைதான் வந்தது."

"என்ன எண்ணெ?" என்றார் மாமனார்.

"தேங்கா எண்ணெ, மாமா."

"நான் என்ன சொன்னேன்?"

"மண்ணெண்ணெ."

"லைட்டருன்னா?"

மகள் என் மடியில் ஏற வந்தாள். அவளை இழுத்து உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லைட்டர், கையுறை, நான் விட்ட வரி, "ம்" என்றது, எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"நெருப்புப் பக்கத்துல மண்ணெண்ணெய ஊத்தச் சொல்லியிருப்பனா நான்?" என்றார். "அந்த வரிய நீ படிச்சிருந்தா சொல்லியிருப்பனா?"

"மாட்டீங்க மாமா."

"மேல படி. வேல இருக்கா, போச்சா?"

"தந்தி நினைவுக்கு வந்தது. அதை வாங்கிய அன்றே கீழ்வீட்டு முடிதிருத்துபவரிடம் அரைப் பாட்டில் ஓடிகொலோன் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். லைட்டரை உள்ளே வைத்துவிட்டு, எண்ணெய் படாத பின்கதவுப் பூட்டுக்குள் விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. திறந்தது. காலி ரொட்டித் தட்டுகளின் மேல் தவழ்ந்து முன்னால் போய் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனேன். நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். நான்கு நாள் அப்படித்தான். ஐந்தாம் நாள், நான் பின்கதவு வழியாக உடம்பெல்லாம் மாவோடு தவழ்ந்து இறங்குவதை முதலாளி பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் இரண்டு பூட்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் சரிசெய்தான்."

"ஆங்!" என்று மாமனார் நாற்காலியின் கையில் ஓங்கித் தட்டினார். "மண்ணெண்ணெ! என்ன சொன்னேன்? எவன் மர்செய்ல இருந்தவன்? அவனா, நானா?"

"நீங்கதான் மாமா."

"படி, படி."

"வேலை நிரந்தரமா என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. ஆனால் போன சனிக்கிழமை கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லி என்னிடம் பிரஷ்ஷைக் கொடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னைத்தான் கேட்டார். நீல நிறம் என்றேன்."

கடிதம் அவ்வளவுதான். கிழிந்த ஓரத்தைப் பொருத்திப் பார்த்தேன். அங்கே முகவரிதான் இருந்தது.

"அப்படின்னா குடுப்பாங்களா மாமா? நிரந்தரம்னு சொல்லலியே. வேற யாருக்காவது அடிக்கச் சொல்லியிருந்தா?"

"குடியிருக்கப் போறவங்கிட்டதான் நெறம் கேப்பான்" என்றார். பிறகு அவருக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்ததுபோல், "கேப்பான்ல?" என்றார்.

அந்தச் சித்திரையில் நானும் மகளும் கிளம்பினோம். அறைகள் நீலமாகத்தான் இருந்தன. ஆனால் அது அன்று எனக்கும் மாமனாருக்கும் தெரியாது. அன்று நான் கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஒக்காரும்மா" என்றார். "இதுக்கு முன்னாடி எத்தன வரி முழுங்கியிருக்க?"

நான் கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"மொதக் கடுதாசிலேந்து எடுத்துட்டு வா."

பெட்டியைத் திறந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட்ட பூட்டு, சாவியைத் தொட்டதுமே திறந்துகொண்டது. கடிதக் கட்டை எடுத்து வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, முதல் கடிதத்தைப் பிரித்தேன். வைகாசியில் வந்தது. அதில் நான் விட்டது ஒரே வரி. எதற்காக விட்டேன் என்பது அதைப் பார்த்தவுடனே நினைவுக்கு வந்தது. விடாமல் படித்தேன்.

"மெட்ராஸ் விமான நிலையத்தில் அப்பா என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதனால் நானும் பார்க்கவில்லை."

மகள் அவர் செருப்புக்குள் காலை விட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றார் மாமனார். "நான் திரும்பிப் பாத்தேம்மா. எனக்கு எங்க தெரிஞ்சுது? எல்லாம் வெளிச்சமா இருந்துது."

நான் கடிதத்தைக் கீழே வைத்தேன்.

"எழுது அத" என்றார். "இந்தத் தடவ மாத்தாம எழுது."